கத்தாளையின் காது

ஜாய்ஸ்லினுக்கு நிச்சயதார்த்தம் இருபதாம் தேதி.
"யார் காதுலயும் இல்லாத மாதிரி வேணும்க்கா"
என்று முன்பணம் ஐந்நூறு கொடுத்தாள்.
அதில் இருநூறு அன்றைக்கே கரண்ட் பில்லுக்குப் போனது.

யார் காதிலும் இல்லாததை
எங்கே போய்ப் பார்ப்பது?

பட்டுநூல் ஜிமிக்கி எல்லார் காதிலும் ஆடுகிறது.
சுடுமண் யானை போன வருஷமே சலித்துவிட்டது.
நோட்டில் ஒரு வட்டம் வரைந்தேன்.
அதற்குக் கீழே இன்னொரு வட்டம்.
அடுத்த பக்கத்தில் பால் கணக்கு.

மாலையில் எண்ணூர் நெடுஞ்சாலை ஓரம் நின்றேன்.
கன்டெய்னர் லாரிகள்
ஒன்றின் வாலை ஒன்று பிடித்தபடி
நகராமல் நகர்ந்தன.
தாழ்ப்பாள்களில் தொங்கும் முத்திரைகள்
மஞ்சள், நீலம்.
அழகுதான்.
கிளீனர் பையன் ஒருவன் எட்டிப் பார்த்தான்:
"இன்னாக்கா, எந்த வண்டிக்கு வெயிட்டிங்கு?"
தெரிந்தால் சொல்லியிருப்பேன்.

மணலிப் பக்கம் புகைபோக்கி உச்சியில்
இரவெல்லாம் எரியும் நெருப்பை
செம்புக் கம்பியில் வளைத்துப் பார்த்தேன்.
மிளகாய் வந்தது.

பதினாறாம் தேதி
நகையை மறந்துவிட்டு
குழம்புக்கு மீன் வாங்கப் போனேன்.

காசிமேட்டில் விடிவது
ஐஸ் உடைக்கும் சத்தத்தில்.
தேசம்மா அரிவாள்மணையில் குந்தி
கத்தாளைத் தலையை இரண்டாகப் பிளந்தாள்.
டக்கென்று ஏதோ
சிமெண்டுத் தரையில் தெறித்தது.
பல் என்று நினைத்துக் குனிந்தேன்.

வெள்ளை.
பீங்கான் உடைசல் வெள்ளை.
ஒரு பக்கம் கரடு,
மறுபக்கம்
தலைப்பிரட்டை படுத்து எழுந்துபோன மாதிரி
ஒரு பள்ளம்.

"அத்த இன்னாத்துக்கு எடுக்குற? காதுக்கல்லு அது.
மீனுக்கு அதுலதான் காது கேக்கும்.
இன்னொண்ணு அந்தாண்ட கீது பாரு."

காதுக்கு உள்ளே இருந்ததை
காதுக்கு வெளியே தொங்கவிட்டால்?

ஐஸ் தண்ணீர் செருப்பில் ஏறும்வரை
அங்கேயே நின்றேன்.
மீதிச் சில்லறை வாங்கவில்லை.

எலுமிச்சை பிழிந்து ஊறவைத்தேன்.
வாசம் போகவில்லை, பளபளப்புதான் போனது.
அடுத்த ஜோடியைச் சோப்புத்தூளில் போட்டேன்.
துளைக்கும் ஊசி பட்டதும்
வலது கல் நெடுக விரிந்தது.
இடது மட்டும் மிச்சம்.
வேறு மீனின் வலது
இதற்குச் சேரவில்லை.
அரிசி எடையாவது கூடும்,
அல்லது அந்தத் தலைப்பிரட்டை
வேறு பக்கம் வால் திருப்பும்.

ஐந்து கத்தாளை.
மூன்று நாளும் அதே குழம்பு.
"இன்னிக்குமாம்மா?" என்று
தட்டைத் தள்ளிவைத்தான் ரூபன்.

பிறகுதான் புரிந்தது, ஓட்டை போடக் கூடாது.
மெல்லிய வெள்ளிக் கம்பியில்
வலை முடிச்சுப் போட்டு
கல்லை அதற்குள் மாட்டினேன்.
மறுபடியும் வலையில் விழுந்தது மீன்.
பத்தொன்பதாம் தேதி இரவு இரண்டு மணிக்கு
கண்ணாடி முன் நின்று தலையை ஆட்டினேன்.
எனக்கே பொறாமையாக இருந்தது.

ஜாய்ஸ்லின் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
"சூப்பர்க்கா. இன்னா கல்லு?"
சொன்னேன்.
மெல்லக் கீழே வைத்தாள்.
"கிட்ட வந்தா வாசம் வருமா?"
போகும்போது அவள் காதில்
பட்டுநூல் ஜிமிக்கி, அரக்கு நிறம்,
செய்து வைத்திருந்த பதினொன்றில் ஒன்று.

அடுத்த வாரம் மீன் வாங்கும் எண்ணமே இல்லை.
சும்மா அந்தப் பக்கம் போனவளை
"கல்லு பொறுக்குற பொண்ணே!" என்று
சந்தையே திரும்பிப் பார்க்கக் கூப்பிட்டாள் தேசம்மா.
இடுப்பிலிருந்து எடுத்தாள்
கால்சியம் மாத்திரை அட்டை ஒன்றை.
மாத்திரை போன பத்துக் குழியிலும்
பத்துக் கல்,
பின்பக்கம் பிளாஸ்திரி ஒட்டி.

"ஜோடி மாறிடப்போவுதுன்னு
பக்கத்துப் பக்கத்துல வெச்சிகிறேன்.
காசெல்லாம் வாணாம்.
எனக்கு ஒண்ணு செஞ்சி குடு, சின்னதா.
கனமா இருந்தா காது அறுந்துடும்."

வெயில் அப்போதுதான்
படகுகளைத் தாண்டி வந்தது.
குழிக் குமிழ் ஒவ்வொன்றிலும்
ஒரு சொட்டு வெளிச்சம் நின்றது.
கிழிந்த வெள்ளித்தாள் ஓரம்
பூவிதழ் மாதிரி சுருண்டிருந்தது.

"இன்னா அப்டி பாக்குற?
கல்லு உள்ளதான் கீது."

நான் கல்லைப் பார்க்கவில்லை.